நானூற்று அறுபது ரூபாய்க் கிளிஞ்சல்

முப்பத்தெட்டாயிரத்து நானூற்று அறுபது ரூபாய். பூபதி பொன்னாயிக்குத் தரவேண்டிய பாக்கி அது. அயோத்தியாப்பட்டணத்தில் அவள் குடியிருந்த ஒற்றை அறை வீட்டின் கதவில், உள்பக்கமாக, அந்தத் தொகையைச் சாக்குக்கட்டியால் எழுதி வைத்திருந்தாள். நாற்பத்திரண்டு வயதுக்கு மேல் எழுத்துப் படித்தவள் பொன்னாயி. அவள் எழுத்துக்கூட்டி எழுதிய முதல் பெயர் தன்னுடையது, இரண்டாவது பெயர் பூபதியுடையது. அந்தப் பெயருக்கு நேரே தொகை. ஈரம் பட்டு மங்கினால் மறுபடி மேலேயே எழுதுவாள்.

"சாமி படத்துக்குப் பொட்டு வெக்கறாப்புல வெக்கறயே" என்று அவள் புருஷன் சின்னான் கேலி செய்வான். அவள் சிரிக்கமாட்டாள்.

பூபதிக்கு நாமக்கல் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை இருந்தது. பொன்னாயியும் சின்னானும் பதினோரு வருஷம் பண்ணையிலேயே குடியிருந்து உழைத்தார்கள். தீனி போடுவது, முட்டை பொறுக்குவது, எரு அள்ளுவது எல்லாம் அவர்கள் பாடு. ஒரு வருஷம் முட்டை விலை விழுந்தது. செலவைக் குறைக்கிறேன் என்று பூபதி முதலில் கை வைத்தது கிளிஞ்சலில். கடல் கிளிஞ்சலை உடைத்துத் தீனியோடு கலப்பார்கள். முட்டை ஓட்டுக்கும் கோழியின் எலும்புக்கும் அதுதான் பலம். அதை நிறுத்திய பத்தாம் நாளே முட்டை கையில் எடுத்தால் அப்பளமாக நொறுங்கியது. ஒரு மாதத்தில் கோழிகள் கால் விட ஆரம்பித்தன. கூண்டுக்குள் நிற்க முடியாமல் ஒருக்களித்து விழும். எதிரே தீனி இருக்கும், எட்டித் தின்னத் தெம்பு இருக்காது. அப்படியே கண்ணை மூடும்.

முட்டை லாரிக்கு லோடு ஏற்றிக்கொண்டிருந்த நேரத்தில் பொன்னாயி போய்ச் சொன்னாள்.

"ஏனுங்க, கிளிஞ்சல் இல்லாமத்தானுங்க கால் உடுது. ரெண்டு மூட்டை வாங்கிப் போட்டா எந்திரிச்சுக்குமுங்க."

"நீ என்ன டாக்டரா?" என்றான் பூபதி. "எரு அள்ளறவ எருவை அள்ளு. தண்ணியை ஒழுங்கா உடாமக் கோழியைக் கொன்னுபோட்டு எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டா."

லோடு ஏற்றிக்கொண்டிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பொன்னாயியின் காதில் ஒட்டிக்கொண்டது.

அவள் சும்மா இருக்கவில்லை. சின்னானுக்குக் கண்ணாடி வாங்க வைத்திருந்த காசை எடுத்துக்கொண்டு நாமக்கல் தீவனக் கடைக்குப் போனாள். நானூற்று அறுபது ரூபாய்க்கு ஒரு மூட்டை கிளிஞ்சல் வாங்கிவந்து, ஒரே ஒரு வரிசைக் கூண்டுக்கு மட்டும் போட்டாள். நடக்க முடியாமல் போனதை வெளியே எடுத்து வெயிலில் மண்ணில் விட்டாள். பதினைந்து நாளில் அந்த வரிசை எழுந்து நின்றது. வந்து பாருங்கள் என்று மூன்று தடவை கூப்பிட்டாள். பூபதி வரவில்லை. கடைசியில் பண்ணையை விற்றபோது, செத்த கோழிகளின் கணக்கை இவர்கள் தலையில் போட்டு, இரண்டு பேர் கூலியிலும் முப்பத்தெட்டாயிரத்தைப் பிடித்துக்கொண்டான். அதோடு மூட்டைக் காசையும் சேர்த்துத்தான் கதவில் இருக்கிற தொகை.

பொன்னாயியும் சின்னானும் அயோத்தியாப்பட்டணத்துக்கு வந்துவிட்டார்கள். மூன்று வருஷம் கழித்து, முட்டை வியாபாரத்தில் காசு பார்த்த பூபதி குடும்பமும் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் வீடு வாங்கிக் குடிவந்தது. வீட்டு வேலைக்கு ஆள் தேடினார்கள். பொன்னாயி தானாகப் போய் நின்றாள்.

"அவனூட்டுக்கா போறே? உனக்கு வெக்கமே இல்லையா புள்ள?" என்றான் சின்னான்.

"அக்கட்டால தூரமாப் போயிட்டா அவனுக்கு மறந்துபோகும். தெனமும் எம்பட மூஞ்சியைப் பாக்கட்டும்."

மாதச் சம்பளம் ஒழுங்காக வந்தது. ஒவ்வொரு முதல் தேதியும் அவள் கேட்பாள்: "பழைய பாக்கிங்க?" பூபதி போனைப் பார்த்துக்கொண்டே "பாக்கலாம் பாக்கலாம்" என்பான். எதிரில் நிற்கும்போது அவள் வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடுவாள். மனசுக்குள் அவன் எப்போதும் 'அவன்'தான். இப்படியே இரண்டு வருஷம் ஓடியது.

*

தை மாதம் பூபதியின் மகள் கலைமணிக்கு நிச்சயம் ஆனது. மாப்பிள்ளை மாதேஷ் திருச்செங்கோட்டுக்காரன். குடும்பத்துக்கு ஆறு ரிக் வண்டி. வடக்கே போய் போர்வெல் போடுகிறவர்கள். நிச்சயத்துக்கு மோதிரத்தோடு ஒரு கண்ணாடிப் பெட்டியும் வந்தது. உள்ளே வாழைக்குருத்துப் பச்சையில் ஒரு குட்டி ஓணான். ஒரு முழ நீளம், அதில் முக்கால் பங்கு வால்.

"இகுவானா மாமா. டாலர்னு பேரு" என்றான் மாப்பிள்ளை. "நாப்பத்தஞ்சாயிரம். நான் வண்டியோட சத்தீஸ்கர் போயிட்டுப் பங்குனிக் கடைசியில வாரேன். அதுவரைக்கும் இங்க இருக்கட்டும். வைகாசியில கல்யாணம் முடிஞ்சா எங்ககூடவே வந்துரும். கவனம் மாமா, இது எனக்கு உசுரு."

காப்பித் தட்டோடு நின்ற பொன்னாயிக்குத் தட்டு ஒருபக்கம் சாய்ந்தது. ஒரு ஓணானுக்கு நாற்பத்தைந்தாயிரம்! பதினோரு வருஷம் கோழி எருவில் முங்கின இரண்டு பேருக்கு முப்பத்தெட்டாயிரம் தர வக்கில்லை. 

மாப்பிள்ளை போனதும் டாலருக்கு ராஜ உபசாரம் தொடங்கியது. பெட்டியில் வெயிலுக்குப் பதிலாக ஒரு வெள்ளை ட்யூப் லைட் இருந்தது. பூபதியின் மனைவி பிரபா அதைப் பார்த்து, "என்னங்க இது, ஹாலே சலூன் கடையாட்ட இருக்குது" என்றாள். மறுநாளே அதைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு, நீலமும் ஊதாவுமாக மின்னுகிற சீரியல் லைட்டைச் சுற்றினார்கள். வெளிநாட்டு உயிர், சூடு தாங்காது என்று பகல் முழுக்க ஏசி. மாப்பிள்ளை கொடுத்துப்போன காகிதம் இங்கிலீஷில் இருந்தது. அதை மேஜை இழுப்பறைக்குள் போட்டு மூடினார்கள். சாப்பாட்டு விஷயத்தில் பூபதிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"நாமக்கல்காரன் ஊட்டுல வளர்ற உசுருக்குத் தழையா போடறது? முட்டையைப் போடு. முட்டையை மிஞ்சுன சத்து எதுல இருக்குது?"

தினம் ஒரு அவித்த முட்டை. மஞ்சள் கருவை விரலில் எடுத்து அவனே ஊட்டுவான். அது நக்குவதை வீடியோ எடுத்து முட்டை வியாபாரிகள் குழுவில் போடுவான்.

மாசி பிறந்து நாலைந்து நாளிருக்கும். பெட்டியைத் துடைக்கப்போன பொன்னாயி கை அசையாமல் நின்றாள். குட்டி கட்டை மேல் ஏறப் பார்த்தது. முன்னங்கால் ஏறியது. பின்னங்கால் வரவில்லை. விரல்கள் மட்டும் வெடவெடவென்று நடுங்கின. எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். தாடை இரண்டு பக்கமும் உப்பியிருந்தது. மெல்ல அழுத்தினாள். ரப்பர் மாதிரி அமுங்கியது.

அவளுக்குச் சட்டென்று பண்ணைக் கூண்டு கண்ணுக்கு முன்னால் வந்தது. அதே நடுக்கம். அதே சாய்ந்த பார்வை. கால் விடுகிறது!

வாய் வரைக்கும் வந்துவிட்டது. பிரபா பக்கத்து அறையில்தான் இருந்தாள். கூப்பிட்டுச் சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது. பொன்னாயி துணியைப் பிழிந்து, கண்ணாடியைப் பளபளவென்று துடைத்து, மூடியைச் சாத்தினாள்.

'நான் என்ன டாக்டரா?' என்று நினைத்துக்கொண்டாள்.

அப்படி ஒரு ருசி அவளுக்கு வாழ்க்கையில் கிடைத்ததில்லை. தினமும் காலையில் பேருந்தை விட்டு இறங்கி அந்தத் தெருவுக்குள் நுழையும்போதே நடை வேகமாகும். இன்றைக்கு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பார்ப்பாள். ஏறுவதை நிறுத்தியது. அப்புறம் வயிற்றைத் தரையில் வைத்து இழுத்து நகர்ந்தது. வால் நுனி கோணிக்கொண்டது. பூபதி முட்டையை ஊட்டினால் வாயைத் திறக்கவே சிரமப்பட்டது. அவன் முகம் வாட வாட, இவளுக்குள் ஏதோ நிறைந்தது. குட்டி அவள் கையில் நடுங்கும்போது மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொள்வாள். "நீ என்ன பாவம் பண்ணுனயோ, அவங்கிட்ட வந்து மாட்டிக்கிட்டே" என்று முணுமுணுப்பாள். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. ஒரு வாரம் ஆனது. பத்து நாள் ஆனது.

பூபதி தனக்குத் தெரிந்த மாட்டு டாக்டரை வரவழைத்தான். அவர் பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார். "ஏனுங்க, இதுக்கு எங்கீங்க நான் ஊசி போடறது? நம்ம கைக்கு இது பழக்கமில்லீங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். கோயம்புத்தூரில் இந்த மாதிரிப் பிராணிகளைப் பார்க்கிற ஒரு டாக்டரம்மாவைப் போனில் பிடித்து, குட்டியின் படத்தை அனுப்பினார்கள்.

"என்ன லைட் போட்டிருக்கீங்க? என்ன சாப்பாடு?" என்று அந்த அம்மா விசாரித்தது ஸ்பீக்கரில் பொன்னாயிக்கும் கேட்டது.

"எல்லாம் பேப்பர்ல இருக்கறபடிதானுங்க. ஒரு குறையுமில்லீங்க" என்றான் பூபதி. பரணில் கிடக்கிற லைட்டைப் பற்றி மூச்சு விடவில்லை. விட்டால் மாப்பிள்ளை காது வரைக்கும் போய்விடும் என்று பயம்.

"எல்லாம் சரியா இருந்தா இப்படி ஆகாதே. நேர்ல கொண்டுவாங்க" என்றார் டாக்டரம்மா.

கார்ப் பயணத்தில் வழியிலேயே செத்துப்போனால்? பூபதி போகவில்லை. அவனுக்கு யார் மேலாவது பழியைப் போட்டாக வேண்டும். கண்ணுக்கு எதிரில் பொன்னாயி தரை துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பெட்டியைத் தொடைக்கறது ஆரு? நீதான? பினாயில் கையோட தொட்டிருப்பே. அதான் இப்படி ஆயிப்போச்சு."

"வெறுந்தண்ணியிலதானுங்க தொடைக்கறன்."

"இந்தா பாரு. இது செத்துச்சுன்னா மாப்பிள்ளைக்கு வேற வாங்கித் தரோணும். நாப்பத்தஞ்சாயிரம். உம்பட பழைய பாக்கி இருக்குதே, அதுல கழிச்சுக்குவேன். மிச்சத்துக்கு மாசச் சம்பளத்துல புடிப்பேன்."

பொன்னாயி துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். அதே கோழிக் கணக்கு. அதே வார்த்தை. ஆறு வருஷம் முன்னால் லாரிப் பக்கத்தில் நின்றபோது காது எப்படிக் கொதித்ததோ அப்படியே கொதித்தது. இத்தனை நாள் ருசித்துத் தின்றது தன் வாய்க்கே வேப்பங்காயாகத் திரும்பியது. குட்டி செத்தால் அவனுக்கு நட்டமே இல்லை. இவள் பாக்கிதான் சாகும்.

எழுந்து நின்றாள்.

"எங்கையில குடுங்க. எங்கூட்டுக்குக் கொண்டுபோறன். மாப்பிள்ளை வர்றதுக்குள்ள நடக்க வெச்சுத் தாரேன்."

பூபதி சிரித்தே விட்டான். "கோயம்புத்தூரு டாக்டராலயே ஆகல. நீ நடக்க வெக்கறயா?"

"செத்துதுன்னா எம்பட பாக்கி அத்தனையும் தள்ளுபடிங்க. வாயைத் தொறந்து கேக்கமாட்டேன். பொழைச்சுதுன்னா முழுசும் எண்ணி வெச்சுப்போடோணும். அம்மிணி, நீங்க சாட்சி."

பிரபா புருஷனைப் பார்த்தாள். பூபதி மனசுக்குள் கூட்டிப் பார்த்தான். எப்படியும் சாகப்போகிற ஜீவன். தன் வீட்டில் சாகாமல் இவள் வீட்டில் சாகட்டும். பாக்கித் தொல்லையும் ஒழியும்.

"சரி, எடுத்துட்டுப் போ" என்றான். "பொழைச்சா முழுசும் தாரேன். எம்பட புள்ள மேல சத்தியம்."

மேஜை இழுப்பறையிலிருந்த காகிதத்தையும் பொன்னாயி கேட்டு வாங்கிக்கொண்டாள். குட்டி நடக்கிற வரைக்கும் வேலைக்கு வரமாட்டேன் என்று பிரபாவிடம் சொல்லிவிட்டாள்.

*

சின்னான் கூடைக்குள் எட்டிப் பார்த்து வாயைப் பிளந்தான். "ஓணானை எதுக்குப் புள்ள தூக்கிட்டு வந்தே?"

"ஓணானில்ல. முப்பத்தெட்டாயிரத்தி நானூத்தி அறுவது ரூவா. நீ போயிக் கால் கிலோ கிளிஞ்சல் வாங்கியா."

வாசலில் வேப்பமரத்து நிழல் பாதி, வெயில் பாதி விழுகிற இடமாகப் பார்த்துக் கோழி மூடுகிற மூங்கில் கொடாப்பைக் கவிழ்த்தாள். ஒரு பாதி மேல் நனைத்த சாக்கு. சூடு வேண்டுமென்றால் அந்தப் பக்கம், வேண்டாமென்றால் இந்தப் பக்கம். கண்ணாடிக்குப் பின்னால் வருகிற வெயில் வெறும் வெளிச்சம். தோலில் படுகிற வெயில்தான் எலும்புக்கு என்பது கோழிகளைப் பார்த்து அவளுக்குத் தெரியும். முட்டையை அடியோடு நிறுத்தினாள். செம்பருத்தித் தழை, பூ, முருங்கைக் கீரை எல்லாவற்றையும் பொடியாக அரிந்தாள். கிளிஞ்சலை உரலில் இடித்து, சேலைத் துணியில் சலித்து, மைமாவாக மேலே தூவினாள். வாய் திறக்க முடியாதபோது பூவிதழை நனைத்து உதட்டில் தேய்த்துவிட்டாள். சாயங்காலம் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் விடுவாள்.

முதல் எட்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. எட்டாம் நாள் காலை அது அசையவே இல்லை. பொன்னாயி கொடாப்பைத் தூக்கிவிட்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். கதவைப் பார்த்தாள். தொகை அங்கே அப்படியே இருந்தது.

"ஏய், செத்துத் தொலைக்காதே" என்றாள் குட்டியிடம். "அவனுக்குத் தள்ளுபடி பண்ணிக் குடுக்கறதுக்கா உன்னைத் தூக்கிட்டு வந்தேன்? எந்திரி. எந்திரிச்சு அவனை அழவெய்யி."

சின்னான் பல்குச்சியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தான். "நல்ல தாலாட்டு" என்றான்.

வெயில் ஏறியதும் குட்டியின் கண் திறந்தது. அன்றைக்குத் தானாக இரண்டு இதழ் தின்றது.

பதினைந்தாம் நாள் நடுக்கம் குறைந்தது. மூன்றாவது வாரம் முன்னங்காலால் கொடாப்பு மூங்கிலைப் பிடித்தது. தெருக் குழாய்க்கு வருகிற பெண்கள் குடத்தை வைத்துவிட்டு வந்து பார்த்துப் போவார்கள். அடுத்த வீட்டு முத்தாயம்மாளுக்கு அதுவே பொழுதுபோக்கு. "உம்பட பாக்கி இன்னைக்கு எத்தனை அடி நடந்துச்சு?" என்று கேட்பாள். பங்குனி நடுவில் ஒருநாள், கொடாப்பைத் தூக்கிய கையோடு, டாலர் வேப்பமரத்தில் விறுவிறுவென்று இரண்டாள் உயரம் ஏறிவிட்டது. சின்னான் ஏணி போட்டு இறக்கினான். பொன்னாயி அன்றைக்குத்தான் சிரித்தாள்.

தாடை உறுதியானது. ஆனால் நேராகவில்லை. கீழ்த்தாடை ஒரு பக்கம் இழுத்தபடியே நின்றுவிட்டது. வால் நுனியில் ஒரு கோணலும் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. எலும்பு வளைந்தபடியே இறுகிவிட்டால் அப்படித்தான். பண்ணையில் பிழைத்த கோழிகளும் விந்தியே நடந்தன. முதலில் பார்த்த அன்றைக்கே தான் வாயைத் திறந்திருந்தால் குட்டியின் வாய் நேராக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அதை யாரிடமும் சொல்லவில்லை. முருங்கைக்கீரையை மட்டும் கொஞ்சம் கூடுதலாக அரிந்தாள்.

*

மாப்பிள்ளை வருவதற்கு முந்தின நாள் காலை பூபதியின் கார் தெருமுனையில் நின்றது. இத்தனை நாளில் ஒருமுறைகூட அவன் போன் செய்து கேட்கவில்லை. பொன்னாயிதான் ஏறி நிற்கிற படத்தைப் பிரபாவுக்கு அனுப்பியிருந்தாள்.

பூபதி கொடாப்பருகே குனிந்து பார்த்தான். டாலர் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தது.

"அட, பொழைச்சுருச்சு! பரவால்ல புள்ள, கைராசிதான். வண்டியில எடுத்து வெய்யி. நேரமாச்சு."

"பணமுங்க?"

"தாரேன், ஓடியா போவேன்? கல்யாணச் செலவு கழுத்துக்கு மேல இருக்குது. ஆடியில பாத்துக்கலாம்."

"அப்ப ஆடியில வாங்க" என்று பொன்னாயி கொடாப்பு மேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தாள். "டாலரு இங்கயே இருக்கட்டும். தீனிக்குக் காசு வேண்டாம்."

குழாயடியில் குடங்கள் நின்றன. முத்தாயம்மாள் குழாயை மூடினாள்.

"ஆருகிட்டப் பேசறீன்னு தெரியுதா?" பூபதியின் குரல் ஏறியது. "திருட்டுக் கேசு குடுத்தன்னா உள்ள போயிருவே."

"குடுங்க. அப்படியே மாப்பிள்ளைக்கும் ஒரு போனைப் போட்டுச் சொல்லிருங்க, டாலரு எங்க இருக்குது, எதுக்கு வந்துச்சுன்னு. நீங்க சொல்லாட்டி நான் சொல்லறன். லைட்டு பரண்ல இருக்கறதையும் சேத்துச் சொல்லறன்."

"உனக்கு அவரு நெம்பரு எங்கிருந்து கெடைக்கும்?"

பொன்னாயி இடுப்பிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்தாள். இங்கிலீஷுக்குக் கீழே, மாப்பிள்ளை தன் கையால் தமிழில் பெயரும் நம்பரும் எழுதியிருந்தான். அவள் விரலை வைத்து நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள்.

"மா... தே... ஷ். ஒம்பது, நாலு, நாலு..."

"இரு. இரு" என்றான் பூபதி.

காருக்குப் போய் யாருக்கோ பேசினான். கிளம்பிப்போய் முக்கால் மணி நேரத்தில் திரும்பி வந்தான். அதற்குள் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. ரூபாய்க் கட்டை நீட்டினான்.

"முப்பத்தியாறு இருக்குது. வாயைக் கோணலாக்கி வெச்சிருக்கறே, வாலும் கோணல். அதுக்கு ரெண்டாயிரம் கழிச்சாச்சு."

"கோணல் ஆனது ஏசிக்குள்ள, முட்டை தின்ன ஊட்டுல" என்றாள் பொன்னாயி. "எங்கூட்டுக்கு வர்றப்பவே அப்படித்தான் வந்துச்சு. கோயம்புத்தூர் டாக்டரம்மா போன்ல படம் பாத்தாங்களே, அவங்களைக் கேக்கலாமுங்களா?"

பூபதி பல்லைக் கடித்துக்கொண்டு சட்டைப் பையிலிருந்து இன்னொரு இரண்டாயிரத்தை எடுத்துச் சேர்த்தான். "இந்தா, முப்பத்தெட்டு. முடிஞ்சுதா? எடு அதை."

பொன்னாயி கையை நீட்டவில்லை.

"நானூத்தி அறுவது?"

"அட, அந்தச் சில்லறையை உட்டுரு புள்ள."

"முப்பத்தெட்டைக்கூட அப்புறம் வாங்கிக்கறனுங்க. மொதல்ல அந்த நானூத்தி அறுவதைக் குடுங்க. எதுக்குக் குடுக்கறீங்கன்னு சொல்லிக் குடுங்க."

"எதுக்கு?" அவனுக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை.

"நெனைச்சுப் பாருங்க. நாமக்கல்ல, லாரிக்கு லோடு ஏத்தறப்ப. கோழி ஏன் கால் உட்டுச்சு? டாலரு ஏன் கால் உட்டுச்சு? நான் எதை வாங்கிப் போட்டதுக்குக் காசு?"

பூபதி கொடாப்பைப் பார்த்தான். தரையில் கீரை மேல் தூவியிருந்த வெள்ளைத் தூளைப் பார்த்தான். முகம் மாறியது. மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தான். மாப்பிள்ளை விடிந்தால் வந்துவிடுவான்.

"கிளிஞ்சலுக்கு" என்றான்.

"கேக்கலீங்க."

"கிளிஞ்சல் மூட்டைக்கு! கிளிஞ்சல் போடாமத்தான் கோழி செத்துச்சு. போதுமா?"

"அப்ப நானு கொல்லலீங்களே?"

"நீ கொல்லல."

முத்தாயம்மாள்தான் முதலில் சிரித்தாள். "முட்டை யாவாரிக்கு எரு அள்ளறவ டாக்டரு!" என்றாள். குழாயடி முழுக்கச் சிரிப்பு பரவியது. பொன்னாயி அதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். லோடு லாரிக்குப் பக்கத்தில் கேட்ட சிரிப்பு அளவுக்கு இருந்தது. கொஞ்சம் கூடவே இருந்தது.

பூபதி நானூற்று அறுபதைத் தேடிக் கொடுத்தான். அவள் அதை முதலில் எண்ணி முந்தானையில் முடிந்தாள். அப்புறம் முப்பத்தெட்டாயிரத்தைச் சின்னானும் அவளுமாக இரண்டு தடவை எண்ணினார்கள். பூபதி வெயிலில் நின்றான். அவனுக்கு யாரும் நாற்காலி போடவில்லை.

டாலரைக் கூடையில் எடுத்து வைத்தபோது அது அவள் மணிக்கட்டை நகத்தால் பற்றிக்கொண்டது. ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டாள். கூடையோடு ஒரு சின்னப் பொட்டலத்தையும் சேர்த்து நீட்டினாள்.

"இடிச்சுச் சலிச்ச கிளிஞ்சல். தெனமும் ஒரு சிட்டிகை. முப்பது ரூவாங்க."

பூபதி நூறு ரூபாய்த் தாளை எறிகிற மாதிரி நீட்டிவிட்டுத் திரும்பினான்.

"நில்லுங்க" என்றாள் பொன்னாயி. முந்தானை முடிச்சை அவிழ்த்து, எழுபது ரூபாயை எண்ணி அவன் கையில் வைத்தாள். "பாக்கி வெக்கிற பழக்கம் எங்களுக்கு இல்லீங்க. இனி ஊட்டு வேலைக்கு வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லுங்க அம்மிணிகிட்ட."

கார் போன பிறகு அவள் உள்ளே போய் ஈரத்துணியை எடுத்தாள். சாக்குக்கட்டி எழுத்து மேல் எழுத்தாக ஏறியிருந்ததால் சுலபத்தில் போகவில்லை. வலதுபக்கக் கடைசியிலிருந்து தேய்த்தாள். நானூற்று அறுபது போனது. முப்பத்தெட்டாயிரம் போனது. பெயர் மட்டும் மிஞ்சியது.

"அதையும் அழிச்சுப்போடு" என்றான் சின்னான்.

பொன்னாயி துணியை நனைத்துப் பிழிந்து அதையும் அழித்தாள்.